வருமுன் காக்க வவுச்சர் கிடையாது!

குலசேகரன்பட்டினம் என்று முழுப் பெயரையும் சொன்னால், அந்தப் பக்கத்துக்காரர்கள் உங்களை வெளியூர் ஆள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களுக்கு அது குலசை. திருச்செந்தூரிலிருந்து தெற்கே கடலோரமாக இறங்கினால் அரை மணி நேரம்கூட ஆகாது. பனைமரம், உப்புக் காற்று, பக்கத்தில் மணப்பாடு மாதா கோயில் என்று வருஷம் முழுக்க அமைதியாகக் கிடக்கிற ஊர், புரட்டாசியில் ஆளே மாறிவிடும். முத்தாரம்மன் கோயில் தசரா!

நேர்ந்துகொண்டவர்கள் விரதமிருந்து, கையில் காப்புக் கட்டி, காளியாக, குறத்தியாக, ராஜாவாக, குரங்காக வேஷம் போடுவார்கள். ஊர் ஊராகப் போய் காணிக்கை வாங்கி, அதை அம்மன் உண்டியலில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மும்பையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரும் சரி, துபாயில் கான்ட்ராக்ட் எடுப்பவரும் சரி, வேண்டுதல் என்று வந்துவிட்டால் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு அடுத்தவர் வாசலில் தட்டை நீட்டித்தான் ஆக வேண்டும். கடைசி நாள் ராத்திரி சூரசம்ஹாரத்துக்குக் கடற்கரையில் லட்சக்கணக்கில் ஜனம்.

இந்தத் திருவிழாவுக்கு முன்னால் மாவட்ட நிர்வாகம் ஒரு காரியம் செய்கிறது. கலெக்டர், எஸ்.பி., கோயில் அதிகாரிகள், தசரா குழுக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். பிறகு அறிவிப்பு வரும். சாதியைக் காட்டுகிற கொடி, ரிப்பன், உடை எதுவும் கூடாது. இரும்பில் செய்த வேல், சூலம், கத்தி எதுவும் கூடாது. அட்டைக் கத்தியே காளிக்குப் போதும்!

யோசித்துப் பாருங்கள். ராத்திரி நேரம், மேளச் சத்தம், தள்ளுமுள்ளுக் கூட்டம், யார் முகமும் யாருக்கும் அடையாளம் தெரியாத வேஷம். அதில் சாதிக்கொரு கொடியும் ஆளுக்கொரு இரும்புக் கத்தியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தீப்பிடித்தபின் தண்ணீரோடு ஓடிவருவது ஒரு ரகம். தீப்பெட்டியை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்வது இன்னொரு ரகம். குலசையில் நடப்பது இரண்டாவது ரகம். அதற்கு ஒரு சபாஷ்.

என் கேள்வி இதுதான். பத்து நாளைக்குச் செய்யத் தெரிந்த இந்த வேலை, மிச்சம் 355 நாளைக்கு ஏன் சர்க்காருக்கு வரமாட்டேன் என்கிறது?

தசரா முடிந்து காப்பை அவிழ்க்கிறான் பையன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிறான். அதே மணிக்கட்டில் வேறொரு கயிறு. தென்மாவட்டங்களில் பிள்ளைகள் கையில் ஏறியிருக்கும் கலர் கயிறு சமாசாரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தக் கலர் என்றால் இன்ன சாதி. கேட்டால், ‘பசங்க ஏதோ ஃபேஷனுக்குக் கட்டிட்டு வர்றாங்க சார்’ என்பதுதான் வழக்கமான பதில்.

சர்க்காருக்கு இது தெரியாதா? தெரியும். 2019-லேயே தெரியும். பயிற்சியில் இருந்த இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் கொடுத்த மனுவின் பேரில், பள்ளிக்கல்வி இயக்குநர் அந்த வருஷம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று சாதிக்கொரு நிறத்தில் எந்தெந்தப் பள்ளிகளில் கயிறு கட்டுகிறார்கள் என்று பார்த்து, அதைத் தடுக்க நடவடிக்கை எடுங்கள் என்பது சாரம். நல்ல காரியம்தானே? உடனே எதிர்ப்பு வந்தது. இந்து அடையாளத்தில் கை வைக்கிறார்கள் என்றார்கள். அன்றைய பள்ளிக்கல்வி அமைச்சர் செங்கோட்டையன், சுற்றறிக்கை தன் கவனத்துக்கு வராமல் போய்விட்டது, பழைய நடைமுறையே தொடரும் என்று சொல்லிவிட்டார். விஷயம் முடிந்தது. கயிறு தொடர்ந்தது.

நாலு வருஷம் கழித்து, 2023 ஆகஸ்ட் 9. நாங்குநேரி. வள்ளியூரில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த ஒரு தலித் மாணவன், உடன் படிக்கிற ஆதிக்க சாதிப் பையன்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்கூடத்தில் சொல்கிறான். சொன்ன சூட்டோடு, ராத்திரி வீடு புகுந்து அரிவாளால் வெட்டுகிறார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

அதோடு நின்றதா? 2025 மார்ச்சில் நம் தூத்துக்குடி மாவட்டத்திலேயே, ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், பரீட்சை எழுதக் கிளம்பிய பதினோராம் வகுப்பு மாணவனை, போய்க்கொண்டிருந்த பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். பையனின் கைவிரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் ஜெயித்ததுதான் பகைக்குக் காரணம் என்று செய்தி வந்தது. விளையாட்டில் தோற்றவன் அடுத்த மேட்ச்சுக்குப் பயிற்சி எடுப்பான். இங்கே அரிவாள் எடுத்தார்கள்.

இந்த மாதிரி, ஆளைக் குறிவைத்து, சமூகத்தைக் குறிவைத்து நடக்கிற வன்முறையை நடப்பதற்கு முன்னாலேயே தடுக்க சர்க்காரிடம் என்ன இருக்கிறது? பி.காம். படித்த பழக்க தோஷம், எதைப் பார்த்தாலும் வரவு எது, செலவு எது என்றுதான் கை தேடும். பார்ப்போம்.

முதலில் சட்டம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989. பெயரிலேயே ‘தடுப்பு’ இருக்கிறது. இதற்கான விதிகள் 1995-ல் வந்தன. மூன்றாவது விதியைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளை மாநில அரசு முன்கூட்டியே அடையாளம் காண வேண்டும். கலெக்டரும் எஸ்.பி.யும் அங்கே நேரில் போய் நிலைமையைப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் துப்பாக்கி லைசென்ஸை ரத்து செய்ய வேண்டும். சிறப்புப் போலீஸ் போட வேண்டும். விழிப்பு உணர்வு மையம் வைக்க வேண்டும். பதினாறாவது விதிப்படி, முதலமைச்சர் தலைமையிலான கண்காணிப்புக் குழு வருஷத்துக்கு இரண்டு தடவை, ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். பதினேழாவது விதிப்படி, கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரிக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை ஜெயில் என்று சட்டத்தின் நாலாவது பிரிவே சொல்கிறது.

அடேயப்பா! இதில் பாதியைச் செய்திருந்தால்கூட எத்தனையோ அம்மாக்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

ஆனால், இந்த விதிகளில் கடிகாரம் மாதிரி ஓடுகிற பகுதி வேறொன்று. நிவாரணம். 2016-ல் திருத்திய பட்டியல்படி 85,000 ரூபாயில் ஆரம்பித்து 8,25,000 ரூபாய் வரை. எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு, எஃப்.ஐ.ஆர். போட்டதும் எத்தனை சதவிகிதம், குற்றப்பத்திரிகை தாக்கலானதும் எத்தனை, தீர்ப்பு வந்ததும் எத்தனை என்று தவணை முறையே எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தப் பணத்தை நான் குறை சொல்லவில்லை. வெட்டுப்பட்டவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். கிடைக்க வேண்டியதுதான், இன்னும் சீக்கிரம் கிடைக்க வேண்டியதுதான். நான் சொல்வது, கணக்குப் புத்தகத்தில் அந்தப் பக்கம் மட்டும்தான் தெளிவாக இருக்கிறது என்பதை. உயிர் போனால் இவ்வளவு என்று தொகை இருக்கிறது. உயிர் போகாமல் பார்த்துக்கொள்ள இவ்வளவு என்று தொகை எங்கே?

இருக்கிற ஒன்றிரண்டு ஊக்கத்தொகையையும் பாருங்கள். சாதி வித்தியாசம் இல்லாமல் ஒரே மயானத்தைப் பயன்படுத்துகிற கிராமத்துக்குத் தமிழக அரசு 10 லட்ச ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால், செத்தபின் ஒன்றாகப் போனால் பத்து லட்சம் என்றால், உயிரோடு இருக்கும்போது ஒரே பஸ்ஸில் ஒன்றாகப் போய்வர என்ன தருவீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறதா, இல்லையா?

ஏன் இப்படி? காரணம் சிம்பிள். நடந்ததற்குக் கணக்கு உண்டு, நடக்காததற்குக் கணக்கு கிடையாது. கலவரத்தை அடக்கிய எஸ்.பி.க்கு மெடல் உண்டு. கலவரமே வராமல் பார்த்துக்கொண்ட இன்ஸ்பெக்டருக்கு என்ன உண்டு? ‘உங்க லிமிட்டுல ஒண்ணும் பிரச்னை இல்லையே, அப்புறம் எதுக்கய்யா கூடுதல் ஆள் கேட்கறீங்க?’ என்ற கேள்விதான் உண்டு. ஆடிட்டர் வந்து கேட்டால் எதைக் காட்டுவார்? வெட்டப்படாத கையையா?

இது சாதிக்கு மட்டும் உரிய வியாதி அல்ல. கோயம்புத்தூரை நினைத்துப் பாருங்கள். 1997 நவம்பர் 29-ம் தேதி போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் கொலை செய்யப்பட்டார். அடுத்து வெடித்த கலவரத்திலும் துப்பாக்கிச்சூட்டிலுமாக 18 முஸ்லிம்கள் செத்தார்கள். 1998 பிப்ரவரி 14-ம் தேதி தொடர் குண்டுவெடிப்பு. 58 பேர் பலி. முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே 77 நாள்.

77 நாள் என்பது கொஞ்ச நஞ்ச அவகாசம் இல்லை. ஊரே கொதித்துக்கொண்டிருக்கிறது, ஒரு பக்கம் துக்கம், இன்னொரு பக்கம் ஆத்திரம். அந்த 77 நாளில், துக்க வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, ‘உங்க பையன் ரெண்டு நாளா சாப்பிடலையாமே, எங்க போறான், யாரோட போறான்?’ என்று விசாரிக்க சர்க்கார் சம்பளத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்? குண்டுவெடிப்புக்குப் பிறகு நீதிபதி கோகுலகிருஷ்ணன் கமிஷன் வந்தது, தனி கோர்ட் வந்தது, வருஷக்கணக்கில் விசாரணை நடந்தது. எல்லாம் வேண்டியதுதான். எல்லாமே 78-வது நாளிலிருந்து ஆரம்பிக்கிற செலவு.

தடுப்புக்கென்று சர்க்கார் எதுவுமே செய்ததில்லை என்றால் அது அநியாயம். தென்மாவட்டங்கள் 1990-களில் பற்றி எரிந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு மாவீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்போய் அதற்கு எதிர்ப்பு, மோதல், உயிர்ப்பலி. கடைசியில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எடுத்தார்கள். வ.உ.சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆனது அப்படித்தான். யாரோ போட்ட சண்டையில் பெயரை இழந்தவர் கப்பலோட்டியவர்!

அந்தச் சூட்டில் பிறந்ததுதான் சமத்துவபுரம். 1998-ல் மதுரை பக்கம் மேலக்கோட்டையில் முதலாவது. நூறு வீட்டில் 40 தலித்துகளுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. இருநூற்றுக்கும் மேற்பட்ட சமத்துவபுரங்கள் கட்டினார்கள். யோசனை அருமை. ஆனால், வீடு கட்டுவதற்கு பில் போட முடிகிறது, வீட்டுக்காரர்களுக்கு நடுவே உறவு கட்டுவதற்கு பில் போட முடிவதில்லை. திறப்பு விழா முடிந்தபின், பக்கத்து வீட்டுக்காரன் கல்யாணத்துக்கு இவன் போகிறானா என்று பார்ப்பது எந்த டிபார்ட்மென்ட் வேலை?

வேலை இல்லாத இளைஞன் கையில்தான் அரிவாள் ஏறுகிறது, தெற்கே தொழிற்சாலை கொண்டுவாருங்கள் என்று நீதிபதி ரத்தினவேல் பாண்டியன் குழு சொன்னது. நாங்குநேரியில் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் ஒதுக்கி தொழில்நுட்பப் பூங்கா, சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். எதிர்பார்த்த தொழிற்சாலைகள் வரவில்லை. அதே நாங்குநேரிக்குத்தான் 2023-ல் அரிவாள் வந்து சேர்ந்தது. தடுப்புக்குப் போட வேண்டிய முதலைப் போடாமல் விட்டால் அது மிச்சமாகாது. வட்டியோடு வேறு கணக்கில் பற்று விழும்.

அடுத்தது, நம்பிக்கை. தடுப்பு வேலையில் பணத்தைவிடப் பெரிய மூலதனம் இதுதான். எவனோ அரிவாள் வாங்கி வைத்திருக்கிறான் என்பது ஊரில் யாரோ ஒருவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். அவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

இதற்காகவே நம் பக்கத்திலிருந்து ஒரு நல்ல திட்டம் பிறந்தது. 1993-ல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி.பிலிப் ஆரம்பித்த ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’. பொதுமக்களில் நல்லவர்களைச் சேர்த்து, காவல் நிலையத்துக்கும் ஊருக்கும் நடுவே ஒரு பாலம் போடுவது. மறுவருஷம் மாநிலம் முழுக்கப் பரவியது. முடிவு எங்கே தெரியுமா? சாத்தான்குளத்தில். குலசையிலிருந்து உடன்குடி தாண்டினால் வந்துவிடும். 2020 ஜூனில் அந்தக் காவல் நிலையத்தில் அடிபட்டு ஒரு அப்பாவும் மகனும் உயிரைவிட்டார்கள். அந்தச் சம்பவத்தில் ‘போலீஸின் நண்பர்கள்’ மீதும் குற்றச்சாட்டு வர, ஜூலையில் மாநிலம் முழுக்க அந்த அமைப்புக்கே தடை போட்டது அரசு. தடை சரிதான். ஆனால், அதற்குப் பதிலாக எந்தப் பாலம் போட்டார்கள்?

1995 ஆகஸ்ட் 31-ம் தேதி இதே மாவட்டத்தில் கொடியங்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீஸார் புகுந்து, வீடு வீடாகப் பொருள்களை அடித்து நொறுக்கியதை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு அம்மா, ‘சார், என் மகன் போக்கு சரியில்லை’ என்று தானாகப் படியேறி வருவாள் என்று எதிர்பார்த்தால் எப்படி? பேங்கில் பணமே போடாமல் செக் எழுதினால் திரும்பித்தான் வரும்.

இந்தக் கடற்கரையில் வேறொரு வகைப் பாதுகாப்புக்குக் குறைச்சலே இல்லை. 2008-ல் மும்பைக்குக் கடல்வழியாக பயங்கரவாதிகள் வந்த பிறகு, கடலோரக் காவல் நிலையங்கள், ரோந்துப் படகுகள் எல்லாம் பெருகின. ‘சாகர் கவச்’ என்று ஒத்திகை நடத்துவார்கள். போலீஸ்காரர்களே பயங்கரவாதி மாதிரி படகில் வருவார்கள், இன்னொரு கோஷ்டி போலீஸ்காரர்கள் பிடிப்பார்கள். குலசையில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். இனி பாதுகாப்பு இன்னும் கூடும், கூட வேண்டும்.

கடல்வழியே வருகிறவனுக்கு ஒத்திகை இருக்கிறது. ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸை மறிக்கிறவனுக்கு என்ன ஒத்திகை வைத்திருக்கிறோம்? கண்டக்டர் என்ன செய்ய வேண்டும், டிரைவர் யாருக்கு போன் போட வேண்டும், மிரட்டப்படுகிற பையன் எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று யாராவது ஒருநாள் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா?

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், அங்கேயும் தேனும் பாலும் ஓடவில்லை. இங்கிலாந்தில் ‘பிரிவென்ட்’ என்று ஒரு திட்டம். 2015-லிருந்து பள்ளிக்கூட வாத்தியார்களுக்கே சட்டப்படி பொறுப்பு. பிள்ளைகள் யாராவது தீவிரவாதத்தின் பக்கம் சாய்வதாகத் தெரிந்தால் தகவல் சொல்ல வேண்டும். முஸ்லிம் பிள்ளைகளையே சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள் என்று அதற்குக் கடுமையான விமர்சனம் உண்டு. இன்னொரு பக்கம், 2024 ஜூலையில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகளைக் குத்திக் கொன்றவன் பெயர் அந்தத் திட்டத்துக்கு மூன்று முறை போயிருந்தது. மூன்று முறையும் பைலை மூடிவிட்டார்கள். அவனுக்குத் தெளிவான கொள்கை எதுவும் இல்லையாம்! அரிவாளுக்கு எதற்கய்யா கொள்கை?

அமெரிக்காவில் இதற்கென்றே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையில் தனி மையம் வைத்து, உள்ளூர் அமைப்புகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் மானியம் கொடுத்தார்கள். 2025-ல் ஆட்சி மாறியதும் அதைப் பெரிதாக வெட்டிவிட்டார்கள். நடக்காததற்குக் கணக்குக் காட்ட முடியாத கஷ்டம் அங்கேயும் உண்டு.

ஓரளவு உருப்படியாகச் செய்தது டென்மார்க்கில் ஆர்ஹுஸ் என்ற ஊர். அங்கிருந்து சுமார் 30 இளைஞர்கள் சிரியா சண்டைக்குப் போய்விட்டார்கள். ஊர் போலீஸும் நகராட்சியும் சேர்ந்து என்ன செய்தன? மசூதிக்காரர்களோடு உட்கார்ந்து பேசின. தடம் மாறுகிற பையனுக்கு ஒரு வழிகாட்டியைப் போட்டன. திரும்பி வந்தவர்களில் குற்றம் செய்தவனை கோர்ட்டுக்கும், செய்யாதவனைப் படிப்புக்கும் வேலைக்கும் அனுப்பின. 2014-ல் அங்கிருந்து புதிதாகப் போனவர் ஒரே ஒருவர்தான் என்றார்கள். பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. பையனின் பெயர் தெரிந்த ஒரு ஆள், சர்க்கார் செலவில், அவன் பின்னாலேயே இருந்தார். அவ்வளவுதான்.

நம்மூருக்கு வருவோம். நாங்குநேரிக்குப் பிறகு அரசு நீதிபதி சந்துருவை ஒருநபர் குழுவாகப் போட்டது. 2024 ஜூனில் அறுநூறு பக்கத்துக்கு மேல் அறிக்கை கொடுத்தார். கலர் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் கூடாது. பள்ளிக்கூடப் பெயரில் சாதி கூடாது. ஒரு பகுதியில் பெரும்பான்மையாக இருக்கிற சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமை ஆசிரியராகவும் கல்வி அதிகாரியாகவும் போடக்கூடாது. ஆசிரியர்களுக்குக் குறிப்பிட்ட காலத்தில் இடமாற்றம். பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்காரவைப்பது. பெரிய பள்ளிகளுக்கு நல அலுவலர். சமூகநீதி மாணவர் படை. சாதி வன்முறையை மோப்பம் பிடிக்கத் தனி உளவுப் பிரிவு. இப்படி நிறைய.

சந்துரு சாதாரணமாக எதையும் சொல்கிறவர் இல்லை. நோய் எங்கே இருக்கிறது என்று சரியாகக் கையை வைத்திருக்கிறார். வாத்தியாரும் அதிகாரியும் சாதி பார்த்தால் பையன் பார்க்காமல் என்ன செய்வான்? அந்தப் பரிந்துரைகள்தான் அறிக்கையின் உயிர். ஆனால், இரண்டு இடத்தில் எனக்குத் தயக்கம்.

ஒன்று, மாணவர் படை. என்.சி.சி. இருக்கிறது, என்.எஸ்.எஸ். இருக்கிறது, சாரணர் இருக்கிறது, ஜே.ஆர்.சி. இருக்கிறது. ஐந்தாவதாக ஒரு யூனிஃபார்ம் தைத்தால் தையல்காரருக்கு வேலை கிடைக்கும். இருக்கிற நாலிலேயே எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சரிசமமாகச் சேர்த்தால் போதாதா?

இரண்டு, கயிறு. கண்டிப்பாக அவிழ்க்க வேண்டியதுதான். ஆனால், அந்தக் கயிறு பதினைந்து வயதுப் பையனாகக் கண்டுபிடித்ததா? குருபூஜை, ஜெயந்தி விழா, கொடை விழா என்று சாதிப் பாட்டைச் சத்தமாகப் போட்டு, கலர் பனியனைக் கட்டுக்கட்டாக இலவசமாகக் கொடுத்த பெரியவர்கள் யார்? பையன் கையில் இருக்கிற கயிற்றை வாத்தியார் அறுத்துவிடலாம். கயிறு வாங்கிக் கொடுத்த அண்ணாச்சியை யார் கேட்பது? அவர் வருகிற எலெக்‌ஷனில் எந்தக் கட்சி மேடையில் உட்காருவார் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் சுற்றறிக்கை எப்போதும் பள்ளிக்கூட கேட்டோடு நின்றுவிடுகிறது.

இதைவிட முக்கியமான விஷயம், நாங்குநேரிப் பையனின் புகார். அவன் தடுப்பு முறைப்படிதான் நடந்தான். பெரியவர்களிடம் சொன்னான். சொன்னதுதான் அவன் செய்த ‘குற்றம்’. புகார் கொடுத்தவனுக்கு அன்று ராத்திரி பாதுகாப்பு இல்லை என்றால், புகார்ப் பெட்டி வைப்பதைப் போன்ற பயங்கரம் வேறு கிடையாது. வன்கொடுமைப் புகாருக்கென்று 14566 என்று ஒரு இலவச எண்ணை மத்திய அரசு 2021 டிசம்பரில் கொண்டுவந்தது. எத்தனை பள்ளிக்கூடச் சுவரில், எத்தனை டவுன் பஸ்ஸில் அதை எழுதி வைத்திருக்கிறார்கள்? எழுதினாலும், போனை எடுப்பவர் அடுத்த ஒரு மணி நேரத்தில் அந்தத் தெருவுக்கு ஆள் அனுப்ப முடியுமா? இதுதான் தடுப்பு. மற்றதெல்லாம் தாள்.

சரி, குறை சொல்லிவிட்டுப் போய்விட்டால் எப்படி? செய்யக்கூடியது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கோடிக்கணக்கில் வேண்டாம்.

தாலுகாவுக்கு ஒரு சின்னத் தொகையைத் தடுப்புச் செலவு என்று தனித் தலைப்பில் ஒதுக்குங்கள். மிரட்டல் வந்த பிள்ளையை ஹாஸ்டல் மாற்ற, பள்ளி மாற்ற, துணைக்கு ஆள் அனுப்ப, ஒரு மனநல ஆலோசகரை இரண்டு வீட்டுக்கும் அனுப்ப. ஆமாம், இரண்டு வீட்டுக்கும். அரிவாள் எடுத்த பிள்ளைக்கும் ஒரு எதிர்காலம் இருந்தது, அதையும் சேர்த்துத்தான் நாம் தொலைத்திருக்கிறோம்.

புகார் கேட்கிற ஆள் அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் அந்த ஊருக்கும் வெளியே இருக்கட்டும்.

காவல் நிலையத்தில் நடந்த குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். புத்தகம் இருப்பதுபோல, நடக்க இருந்து தடுக்கப்பட்டதற்கும் ஒரு பதிவேடு வையுங்கள். அதைப் பார்த்து பிரமோஷன் கொடுங்கள். தடுத்தவனுக்கு ஒரு பெருமை கிடைக்கும் என்று தெரிந்தால்தான் தடுப்பான்.

குலசை தசரா குழுக்களைத் திருவிழா முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். எந்த ஊர்ப் பையன் எந்தக் கூட்டத்தோடு திரிகிறான் என்று அவர்களுக்கு அத்துப்படி. எல்லாச் சாதி வாசலிலும் தட்டேந்திப் பழக்கப்பட்டவர்கள். மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் அவர்களில் நாலு பேரை, பெண்களையும் சேர்த்து, உட்காரவையுங்கள். உடன்குடி, காயல்பட்டினம் ஜமாத்துக்காரர்களையும் மணப்பாடு பங்குத் தந்தையையும் கூப்பிடுங்கள். பேசத் தெரிந்த ஊர் இது.

கடைசியாக, அந்த மூன்று மாதக் கூட்டம். வருஷத்துக்கு நாலு தடவை கலெக்டர் ஆபீஸில் கூடியதா, யார் வந்தார்கள், எந்த ஊரைப் பற்றிப் பேசினார்கள், என்ன முடிவெடுத்தார்கள் என்று ஒரே ஒரு பக்கம் எழுதி, ஒவ்வொரு பஞ்சாயத்து போர்டு அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். முதலமைச்சர் குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூடியதா என்பதையும் சேர்த்து. அது கூடாமலே வருஷங்கள் ஓடிய காலமும் இந்த மாநிலத்தில் உண்டு. ஒட்டினால் ஊர் படிக்கும். படித்தால் கேட்கும்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் டீ, பிஸ்கட், முந்திரிப் பருப்பு வாங்கியதற்கு வவுச்சர் இருக்கும், எனக்குத் தெரியும். அதே பைலில் இன்னொரு வவுச்சரைப் பார்க்க ஆசை. ‘மிரட்டல் வந்த மாணவன் ஒருவனுக்குப் பள்ளிக்கூடம் போய்வரத் துணை, ஊர்க்காவல் படை வீரர் ஒருவர், மூன்று மாதப் படி.’ தொகை சில ஆயிரம் இருக்கலாம். 8,25,000 ரூபாயோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. அந்தப் பையன் பரீட்சை எழுதிவிட்டு, பத்து விரலோடு வீடு திரும்புவான். மறுநாள் பேப்பரில் எந்தச் செய்தியும் வராது.